மண்ணில் வாழும் கிருமியும் பூட்டிய ஆய்வுகூடமும்

புத்தூர் என்றதும் வெளியூரார்க்கு முதலில் நினைவுக்கு வருவது நிலாவரைக் கிணறு. சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே இக்கிணற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஆழம் 140 அடிக்கு மேல்; மேலே நன்னீர், இடையிலே உவர், அடியிலே கடும் உப்பு என்பது அவர் தந்த விபரம். நிலத்தின் கீழாகக் கடலோடு தொடர்புடையது என்பது ஊரவரின் நீண்டகால நம்பிக்கை. கிணற்றின் அடியில் என்ன இருக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த எம்மவர், தாம் நாளாந்தம் மிதித்து நிற்கும் நிலத்தின் ஓர் அடி ஆழத்தில் என்ன இருக்கக்கூடும் என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

வெப்பவலய நாடுகளின் ஈரமண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவை ஆய்வாளர் தேடும்போது, ஏறத்தாழ ஓர் அடி ஆழத்து மண்ணையே கிண்டியெடுத்துப் பரிசோதிக்கின்றனர். அதன் பெயர் பேர்க்கோல்டேரியா சூடோமல்லை. அது மனிதருக்கு உண்டாக்கும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். காலிலுள்ள வெடிப்பு, புண் ஆகியவற்றின் வழியாக அது உடலுள் புகும். மாரிகாலத்து மழைக்காற்றோடு சுவாசத்தின் வழியாகவும் புகும். சுத்திகரிக்காத நீரைக் குடிப்பதாலும் புகும். சுகதேகியிடம் பெரும்பாலும் தோற்றுப்போகும். நீரிழிவு, சிறுநீரகநோய் உள்ளவர்களிடம் வெற்றி பெறும். நுரையீரலைப் பிடித்தால் சயரோகம் போலத் தோன்றும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். மூட்டுகளைத் தாக்கும். இரத்தத்திலே பரவினால் சில நாட்களில் உயிரைக் கொண்டுபோகும். சிலரது உடலில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடந்துவிட்டு எழுந்ததும் உண்டு.

வலிகாமம் கிழக்கின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு இப்பட்டியல் ஏன் கவலை தரும் என்று விளக்கவேண்டியதில்லை. வெறுங்காலோடு தோட்டத்தில் தண்ணீர் மாறுவதும், மாரியில் சேற்றிலே இறங்கி நெல் விதைப்பதும், கிணற்றுநீரை அள்ளிக் குடிப்பதும் எம்மவரின் அன்றாடம். வீட்டுக்கு ஒருவருக்காவது 'சீனி வருத்தம்' என்று சொல்லப்படும் காலமும் இது.

இக்கிருமியை ஆராய்வதற்கான பரம்பரையலகுக் கருவிகள் (தமிழகத்தார் மரபணு என்பதை நாம் பரம்பரையலகு என்கிறோம்) எவ்வாறு உருவாகின, அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் எந்த அச்சத்திலிருந்து பிறந்தன, அச்சட்டங்களால் எம்மைப் போன்ற ஊர்களுக்கு விளைவது என்ன என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

வரலாறு இரங்கூனிலே தொடங்குகிறது. 1911இல் அங்குள்ள பொது வைத்தியசாலையில் நோயியல் வல்லுநராக இருந்த அல்பிரட் விற்மோர், இறந்த ஏழைகளின் உடல்களைப் பரிசோதித்தபோது புதியதொரு நோயைக் கண்டார். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் நோயை அது ஒத்திருந்தது. ஆனால் இறந்தவர்களோ குதிரைகளோடு எவ்வித தொடர்பும் இல்லாதவர்கள். பலர் மோர்பியா ஊசிக்கு அடிமைப்பட்ட வறியவர்கள். பிரித்தெடுத்த கிருமியும் கிளாண்டர்ஸ் கிருமியிலிருந்து வேறுபட்டது. இக்கண்டுபிடிப்பை 1912இல் இந்தியன் மெடிக்கல் கசெற் என்னும் சஞ்சிகையில் அறிவித்த கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று விற்மோர்; மற்றையது சி. எஸ். கிருஷ்ணசுவாமி. 1917இல் இந்தக் கிருஷ்ணசுவாமியே இருநூறுக்கு மேற்பட்ட நோயாளர் பற்றிய விபரங்களை எழுதினார். ஆயினும் உலகம் அந்நோயை 'விற்மோர் நோய்' என்றே நெடுங்காலம் அழைத்தது. தென்னிந்தியப் பெயர் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிக்கொண்டது. இத்தகைய ஒதுக்கம் எமக்குப் புதியதன்று. எனினும் பதிவுசெய்து வைப்பது பத்திரிகையாளன் கடமை.

மெலியோய்டோசிஸ் என்ற பெயரை 1921இல் சூட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸ்ரான்ரன், பிளெச்சர் ஆகிய இருவர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் எம்மவர் பல்லாயிரக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. இலங்கையிலே இந்நோய் முதன்முதல் அறிவிக்கப்பட்டது 1927இல். டெனி, நிக்கல்ஸ் என்ற இரு வைத்தியர்கள் எழுதிய அக்குறிப்பின் தலைப்பே, நோயாளி ஓர் ஐரோப்பியர் என்பதைச் சொல்கிறது. ஐரோப்பியர் ஒருவரைத் தாக்கிய கிருமி, அதே மண்ணில் அவரைவிடப் பன்மடங்கு உழன்ற சுதேசிகளைத் தாக்காமல் விட்டிருக்குமா? ஆனாலும் அடுத்த பல தசாப்தங்களுக்கு இங்கிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகவே செய்திகள் வந்தன. வியட்நாம் போரிலே அமெரிக்கப் படையினர் இந்நோயால் பாதிக்கப்பட்டபோது மேலை நாடுகள் விழித்துக்கொண்டன.

இலங்கையின் உறக்கத்தைக் கலைத்தவர்கள் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியலாளர்கள். ஏனோக்கா கொறயா, வசந்தி தேவநேசம் ஆகியோர் அவுஸ்திரேலிய ஆய்வாளருடன் இணைந்து நாடளாவிய கண்காணிப்பு ஒன்றை நடத்தினர். 2006 முதல் 2014 மே வரையில் 32 நோயாளர் ஆய்வுகூடச் சான்றுடன் உறுதிசெய்யப்பட்டனர். பெரும்பாலோர் கிராமத்தவர், நீரிழிவு உள்ளவர், ஆண்கள். 2016இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, சப்ரகமுவ மாகாணம், மத்திய மலைநாட்டின் தென்பகுதி, வடக்கின் சில பகுதிகள் ஆகியவை தவிர்ந்த நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் கிருமி கிடைத்தது.

வடக்கின் சில பகுதிகள் என்ற சொற்களின் முன்னே சற்று நின்றேன். அந்த எட்டு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கே போர் நடந்தது. மருந்து வந்துசேர்வதே பெரும்பாடாயிருந்த நாட்களில் இரத்தத்தை வளர்ப்புக்கு வைத்துக் கிருமியைப் பிரித்தெடுப்பார் யார்? ஒரு கிருமி கிடைக்கவில்லை என்பதும் கிருமி இல்லை என்பதும் ஒன்றல்ல. நாளிதழிலே பணியாற்றிய காலத்தில், மாரி தொடங்கியதும் 'திடீர்க் காய்ச்சல்', 'கடும் காய்ச்சல்' என்ற சொற்களோடு வந்த கிராமத்து மரணச் செய்திகளைப் பலமுறை செப்பனிட்டிருக்கிறேன். என்ன காய்ச்சல் என்ற கேள்விக்குப் பதில் வந்ததில்லை. அம்மரணங்களில் எத்தனை எந்தக் கிருமியால் நேர்ந்தன என்று இனிச் சொல்வார் இல்லை.

காரணம் தெரியாமற் போவதற்கு இக்கிருமியின் இயல்பும் ஒரு காரணம். ஆய்வுகூடத் தட்டிலே வளர்ந்தாலும், பழக்கமில்லாத கண்ணுக்கு அது 'சூடோமோனாஸ் வகை' என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ தோன்றும். தூக்கி எறிந்துவிடுவார்கள். அதற்குள் வைத்தியர் வழமையான மருந்துகளைத் தொடங்கியிருப்பார். அங்கேதான் ஆபத்து. பெனிசிலினுக்கும் அம்பிசிலினுக்கும் இக்கிருமி அசையாது. செபலொஸ்போரின் வகையின் முதலிரு தலைமுறை மருந்துகளுக்கும் அசையாது. எரித்ரோமைசின், கொலிஸ்ரின் ஆகியனவும் பயன்தரா. ஜெந்தமைசினைத் தன் உடலிலுள்ள பம்பி போன்ற ஓர் அமைப்பினால் வெளியே இறைத்துவிடும். இந்த எதிர்ப்பை அது எம்மிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. மண்ணிலே ஏனைய நுண்ணுயிர்கள் கக்கும் நஞ்சுகளோடு போராடிப் போராடி, மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே பெற்றுக்கொண்டது அது.

எஞ்சியுள்ள மருந்துகள் சில. 1989இல் தாய்லாந்தின் உபோன் நகரத்து ஆய்வொன்று, செப்டாசிடிம் என்னும் மருந்தைக் கொடுத்தபோது கடும் நோயாளரின் இறப்பு வீதம் 74 இலிருந்து 37 ஆகப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. அதன்பின் மெரோபெனம் வந்தது. ஊசிமருந்து முடிந்ததும் குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமொக்சசோல் குளிசை எடுக்கவேண்டும். கைவிரல்களில் எண்ணக்கூடிய இந்தச் சில மருந்துகளே மருத்துவரின் படைக்கலங்கள். சட்டங்களின் நியாயத்தை விளங்கிக்கொள்ள இவ்வுண்மையை மனதில் வைத்திருத்தல் வேண்டும்.

இனி ஆய்வுக் கருவிகளுக்கு வருவோம். ஒரு கிருமி எவ்வாறு நோயை உண்டாக்குகிறது என்று அறிய, அதன் பரம்பரையலகுகளில் ஒன்றை நீக்கியோ மாற்றியோ பார்ப்பதே வழி. ஒரு பொறியின் ஆணி ஒன்றைக் கழற்றி, எது நின்றுபோகிறது என்று பார்ப்பது போன்றது. ஆனால் புதிய டி.என்.ஏ. துண்டை ஏற்றுக்கொள்பவை பல இலட்சம் கிருமிகளில் ஒன்றிரண்டே. அவற்றை எவ்வாறு இனங்காண்பது? செலுத்தும் துண்டோடு மருந்தெதிர்ப்புப் பரம்பரையலகு ஒன்றையும் சேர்த்துவிடுவர். பின்னர் அந்த மருந்தை ஊற்றினால் துண்டை ஏற்காதவை அனைத்தும் மடியும், ஏற்றவை பிழைக்கும். தோட்டத்தில் களை பிடுங்குவதுபோலத்தான். பிழைத்து நிற்கும் கிருமிக்கு ஓர் அடையாளமாக அந்த எதிர்ப்பு அமைகிறது. 1973இல் ஸ்ரான்லி கோகன், ஹேபேட் போயர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் பரம்பரையலகுகளை வெட்டி ஒட்டும் கலையை நிலைநாட்டியபோது, அவர்களுக்கு உதவியவையும் ரெற்றாசைக்கிளின், கனமைசின் எதிர்ப்பு அடையாளங்களே.

இதன் ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களும் அதே விஞ்ஞானிகள்தாம். 1974இல் போல் பேர்க் தலைமையில் பதினொருவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். சிலவகைப் பரிசோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்துங்கள் என்பது கோரிக்கை. அவர்கள் முதலாவதாகக் குறிப்பிட்ட வகைகளில், மருந்தெதிர்ப்பு இல்லாத பற்றீரியாக்களுக்கு அதனைப் புதிதாகப் புகுத்துவதும் அடங்கும். 1975 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரிலே மாநாடு கூடியது. 1976இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் விதிமுறைகளை வெளியிட்டது. வைத்தியத்துக்குப் பயன்படும் மருந்தொன்றைப் பயனற்றதாக்கக்கூடிய எதிர்ப்பை, அதனை இயற்கையாகப் பெறாத கிருமிக்குக் கொடுக்க எண்ணுபவர் உயர்மட்ட அனுமதி பெறல்வேண்டும் என்ற கோட்பாடு இன்றுவரை நிலைத்திருக்கிறது. கட்டுப்பாட்டைக் கோரியவர் ஆட்சியாளர் அல்லர், ஆய்வாளரே என்பது இவ்வரலாற்றின் சிறப்பு.

இரண்டாவது வகைச் சட்டங்கள் வேறோர் ஊற்றிலிருந்து பிறந்தன. அவ்வூற்று அச்சம். முதலாம் உலகப் போரிலே ஜேர்மனிய முகவர்கள் எதிரிகளின் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் கிளாண்டர்ஸ் கிருமியைப் புகட்டினர். அக்கிருமி எமது மண்கிருமியின் நெருங்கிய உறவு. சோவியத்தின் இரகசிய உயிராயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்து 1992இல் அமெரிக்காவை அடைந்த கென் அலிபெக், மருந்துக்கு அடங்காத கிருமிகளை உருவாக்க அங்கே நடந்த முயற்சிகளை 1999இல் வெளிவந்த தமது நூலிலே விபரித்தார். 2001 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவிலே தபால் உறைகளில் அனுப்பப்பட்ட அந்திராக்ஸ் தூளினால் 22 பேர் நோயுற்று, ஐவர் இறந்தனர். மறு ஆண்டே உயிர்ப்பயங்கரவாதச் சட்டம் நிறைவேறியது.

அதன்படி, ஆபத்தான கிருமிகள் ஒரு பட்டியலில் இடப்பட்டன. அவற்றை வைத்திருக்கும் ஆய்வுகூடம் பதிவுசெய்யவேண்டும். அங்கு பணியாற்றுவோரின் பின்னணியை மத்திய புலனாய்வுப் பிரிவு ஆராயும். வைத்தியசாலை ஆய்வுகூடம் ஒன்றில் அக்கிருமி கண்டறியப்பட்டால் உடன் அறிவித்து, ஏழு நாட்களுக்குள் அழிக்கவோ அனுமதிபெற்ற இடத்துக்கு அனுப்பவோ வேண்டும். மருந்தெதிர்ப்பைப் புகுத்தும் பரிசோதனை முன்னனுமதியின்றித் தடை. 2012இல் பட்டியலுள் மேலும் கடுமையான முதலாம் தரம் வகுக்கப்பட்டபோது பேர்க்கோல்டேரியா சூடோமல்லையும் அதிலே சேர்க்கப்பட்டது. எங்கள் வயல்களின் சேற்றில் சாதாரணமாக வாழக்கூடிய ஓர் உயிர், வாஷிங்டனின் ஏடுகளில் அந்திராக்ஸோடு ஒரே வரிசையில் நின்றது.

ஆய்வாளர்களின் நிலை சிக்கலானது. வழமையான அடையாள மருந்துகளில் பலவற்றை இக்கிருமி இயல்பாகவே தாங்கும். ஆதலின் அவற்றால் களையெடுக்க இயலாது. அதனைக் கொல்லக்கூடிய மருந்துகளோ நோயாளருக்கு வேண்டியவை. ஆதலின் அவற்றைத் தொடச் சட்டம் விடாது. எஞ்சியவை ஜெந்தமைசின், கனமைசின், சியோசின் என மூன்றே. இவை இந்நோய்க்கு மருந்தாகப் பயன்படாதவை; இவற்றுக்கு எதிர்ப்புச் சேர்ந்தாலும் வைத்தியருக்கு நட்டமில்லை. கொலராடோவில் பணியாற்றிய ஹேபேட் சுவைசர் குழுவினர், ஜெந்தமைசினை வெளியேற்றும் அந்தப் பம்பியையே நீக்கிவிட்டு அம்மருந்தை அடையாளமாகப் பயன்படுத்தினர். வேலை முடிந்ததும் எதிர்ப்புப் பரம்பரையலகை வெட்டி அகற்றிவிடும் உத்திகளும் வந்தன. அதற்கான கத்திரிக்கோல் மதுவத்திலிருந்து பெற்ற நொதியம் ஒன்று.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தாரின் தீர்வு எங்கள் கமக்காரருக்கு வியப்பளிக்கும். மருந்தே வேண்டாம், களைநாசினியைப் பயன்படுத்துவோம் என்று அவர்கள் தீர்மானித்தனர். கிளைபொசேட்டைத் தாங்கும் பரம்பரையலகை அடையாளமாக்கி 2009இல் வெற்றிகண்டனர். சிறுநீரக நோயோடு தொடர்புபடுத்தப்பட்டு 2015இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் அனுமதிக்கப்பட்டு, 2022இல் தடை நீக்கப்பட்ட அதே கிளைபொசேட்தான். தோட்டத்திலே களை கொன்ற திரவம், ஆய்வுகூடத்திலும் களையெடுக்கும் வேலையையே செய்தது.

கிருமியின் பெயரிலும் ஒரு தோட்டத்துத் தொடர்பு உண்டு. பேர்க்கோல்டேரியா என்ற பேரினப் பெயர் 1992இல் ஏற்பட்டது. வெங்காயத்தை அழுகச்செய்யும் பற்றீரியா ஒன்றை 1950இல் விபரித்த அமெரிக்கத் தாவரநோயியலாளர் வோல்ற்றர் பேர்க்கோல்டரின் நினைவாக அது சூட்டப்பட்டது. வெங்காயம் அழுகினால் எங்கள் ஊரில் குடும்பமே அழும். அந்த அழுகலை ஆராய்ந்தவரின் பெயரையே எம்மைக் கொல்லக்கூடிய கிருமியும் தாங்கி நிற்கிறது.

அனைத்திலும் பயனுள்ள கருவி பி.பி. 82 எனப்படும் வலுவிழந்த கிருமி. அடெனின் என்னும் பொருளைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதபடி அதன் ஒரு பரம்பரையலகு நீக்கப்பட்டுள்ளது. ஆய்வுகூடத்தில் அடெனின் ஊட்டினால் வளரும். விலங்கின் உடலில் நோயை உண்டாக்க இயலாது. 2010இல் அது பற்றிய ஆய்வு வெளிவந்தபின், அமெரிக்கா அதனைக் கடும் பட்டியலிலிருந்து விலக்கியது. பல்கலைக்கழக மாணவர் சாதாரண பாதுகாப்புடன் கையாண்டு பயிலக்கூடிய கிருமி இது. சட்டத்தைத் தளர்த்தாமல், கருவியைச் செம்மைப்படுத்தி வழி திறந்தார்கள்.

இத்தனை கெடுபிடி அவசியந்தானா என்று கேட்போருக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம். 2014இன் இறுதியில் அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள ரூலேன் குரங்கின ஆராய்ச்சி நிலையத்தில், ஆய்வுகூடத்திலிருந்த இதே கிருமி வெளியே ஆய்வுக்கு உட்படுத்தப்படாத குரங்குகளைத் தொற்றியது. பட்டியற் கிருமிகளோடு அங்கு நடந்த ஆய்வுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பூட்டுக்கு நியாயம் உண்டென்பதற்கு இது சான்று. மற்றையது விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. மாடுகளுக்கும் மனிதருக்கும் நோய் தரும் புருசெல்லா கிருமிக்கு முன்னனுமதியின்றி மருந்தெதிர்ப்பு அடையாளம் இட்டமைக்காக அதற்கு 40,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்ட செய்தி 2010இல் வெளியாயிற்று. 2025இல் அந்தப் புருசெல்லா இனங்களே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பட்டியல்கள் மாறும், அவற்றை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

எமது பக்கத்துக்கு வருவோம். இக்கிருமியையும், அதன் நோயுண்டாக்கும் பரம்பரையலகுத் துண்டுகளையும் நாடுவிட்டு நாடு அனுப்புவதை, 1985இல் தோன்றிய அவுஸ்திரேலியக் குழு என்னும் நாடுகளின் கூட்டு கட்டுப்படுத்துகிறது. 2018இல் இந்தியாவும் அதில் இணைந்தது. இலங்கையின் முதற் கண்காணிப்பிலோ, சந்தேகக் கிருமிகளின் வகையை நுணுகிப் பார்ப்பதற்கு மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பவேண்டியிருந்தது. நோய் இங்கே, கருவி அங்கே, இடையிலே அனுமதிப் பத்திரம். ஆயுதமாகலாம் என்று அஞ்சுவோர் எழுதிய விதிகள், நோயாகக் கண்டு வருந்துவோரின் வாசலில் வந்து நிற்கின்றன.

அந்நியர் சட்டத்தை மாத்திரம் குறைசொல்வது நேர்மையன்று. 2010 ஆகஸ்டில் சென்னையிலே என்ன நடந்தது? பெரும்பாலான மருந்துகளை முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற பரம்பரையலகு பற்றி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு லான்செற் குழுமச் சஞ்சிகையொன்றில் ஆய்வு வெளிவந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியாவினதும் பாகிஸ்தானினதும் ஏனைய இடங்களில் 73 என அக்கிருமிகள் கணக்கிடப்பட்டிருந்தன. டெல்லியின் பெயரைப் பரம்பரையலகுக்கு இட்டது தவறென்ற ஆதங்கம் நியாயமானதே. ஆனால் இந்திய அரசின் முதற் கோபம் கிருமியின் மீது எழவில்லை; ஆய்வின் மீது எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றனர். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி பெறப்பட்டதா என்ற வினாவும் எழுந்தது. பாதுகாப்புக்கென அமைந்த விதி, சங்கடமான உண்மையை மறைக்கும் திரையாகவும் பயன்படலாம் என்பதை அந்நாட்களின் தலைப்புச் செய்திகள் எனக்கு உணர்த்தின. 2011இல் இந்தியா மருந்தெதிர்ப்புக் கொள்கையொன்றை வகுத்ததும், 2012இல் சென்னைப் பிரகடனம் வெளியானதும் அந்தக் கசப்பின் பின்விளைந்த நன்மைகள்.

பரம்பரையலகுக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டால் எவ்வளவு தெளிவு பிறக்கும் என்பதற்குக் கிழக்கிலங்கை உதாரணம் இருக்கிறது. கடும் மழைவெள்ளத்தின் பின்னர் அங்கே மெலியோய்டோசிஸ் நோயாளர் பத்துப்பேர் ஒரேயடியாக இனங்காணப்பட்டனர். ஒரே மூலத்திலிருந்து பரவிய கிருமியா என்ற ஐயம் இயல்பானது. முழு டி.என்.ஏ.யையும் வாசித்து 2021இல் வெளியிட்ட இலங்கை ஆய்வாளர்கள், கிருமிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்று காட்டினர். யாரும் கொண்டுவந்து போட்டதன்று; மண்ணிலே நெடுங்காலமாகப் பலவகையாகப் பெருகியிருந்ததை மழை கிளப்பிவிட்டது என்பதே அதன் பொருள். சதிக்கதைகளுக்குப் பஞ்சமில்லாத எமது நாட்டிலே அத்தகைய ஒரு விடை எவ்வளவு பெறுமதியானது!

அதே 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில், வெளிநாடு சென்றிராத நால்வர் இந்நோயால் பாதிக்கப்பட்டு இருவர் இறந்தனர். கிருமியின் டி.என்.ஏ.யைத் தொடர்ந்து சென்றபோது, இந்தியாவில் தயாரான வாசனைத் தெளிப்பு ஒன்றின் போத்தலில் வழி முடிந்தது. 2022இல் மிசிசிப்பி மாநிலக் கரையோர மண்ணிலேயே இக்கிருமி வாழ்வது அறிவிக்கப்பட்டது. பிறநாட்டு ஆபத்து என்று பட்டியலில் பூட்டப்பட்ட கிருமி, பூட்டியவரின் கொல்லைப்புறத்திலும் இருந்திருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் 165,000 பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டு 89,000 பேர் இறக்கின்றனர் என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. அவர்களில் மிகப்பெரும்பாலோர் உயிராயுதத்தைக் கண்டவரல்லர், உழவர்.

என் நிலைப்பாடு இது. வைத்தியரின் கையில் எஞ்சியிருக்கும் சில மருந்துகளுக்கு எதிர்ப்பை எவரும் கிருமிக்குள் புகுத்தலாகாது என்ற விதி, எங்கிருந்து வந்ததாயினும், எமக்கே அதிகம் தேவையானது. அமெரிக்க நோயாளிக்கு வேறு வழி இருக்கலாம்; வாதரவத்தையில் நெல் விதைப்பவருக்கு செப்டாசிடிமை விட்டால் அதிக வழியில்லை. உயிர்ப்பாதுகாப்புக்கான காட்டகேனா உடன்படிக்கையை 2004இல் ஏற்றுறுதிசெய்த இலங்கை, இந்த ஒரு விதியைத் தளர்வின்றிப் பேணவேண்டும். ஆனால் கிருமியைக் காண்பதற்கும், பெயர் சொல்வதற்கும், அதன் டி.என்.ஏ.யை உள்ளூரிலேயே வாசிப்பதற்கும் தடையாக எந்த விதியும் அமையக்கூடாது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் போன்ற இடங்களில் வலுவிழந்த கிருமியைக் கொண்டு மாணவர் பயிலலாம். ஒவ்வோர் ஊரின் மண்ணும் தனித்தனியே பரிசோதிக்கப்படலாம். இரங்கூனிலே ஒரு கிருஷ்ணசுவாமி செய்த வேலையை, நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் எமது பிள்ளைகள் செய்ய இயலாதென்று யார் சொல்வார்?

அதுவரை, வலிகாமத்துக் கமக்காரர் வீடுகளுக்குச் சில வார்த்தைகள். மாரியில் சேற்றில் இறங்கும்போது சப்பாத்து அணியுங்கள். காலிற் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். நீரிழிவு உள்ள ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, வழமையான மருந்துகளுக்கு இறங்காவிட்டால், இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று வைத்தியரிடம் மரியாதையுடன் கேளுங்கள். அவர் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் அக்கேள்வியைத் தவறாக எடுக்கமாட்டார்.